மூன்று கல் அடுப்பு முரண்டு பிடித்தால்: சட்டியை விட்டு அடுப்பைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் ஆற்றோரத்தில் எங்காவது ஒரு குடும்பம் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருக்கும். அரிசி, கோழி, குவாளி (வாணலி) எதுவும் மறந்திருக்காது. சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு என்று சொல்லியிருப்பார்கள். மூன்று மணிக்குப் புகைவாடை அடிக்கும் சோறும், வெளியே கருகி உள்ளே சிவந்த கோழியும் இலைக்கு வரும். அதற்குள் பிள்ளைகள் பிஸ்கட் தின்று பசியை அடக்கியிருப்பார்கள்.

தோட்டத்து லயத்து வீட்டுப் பின்கட்டில் விறகடுப்பு எரிந்த நாளில் இதை யாரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அம்மா அடுப்பை ஊதும்போதே பிள்ளைகளுக்கும் பாடம் நடந்துவிடும். வீட்டுக்குக் கேஸ் தோம்பு (சிலிண்டர்) வந்தபிறகு பிறந்தவர்களுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. அது அவர்கள் குற்றமில்லை. திருகினால் எரிந்து, திருகினால் அணையும் அடுப்பில் பழகிய கைக்கு விறகடுப்பு சொல்பேச்சு கேட்காததாகத்தான் தெரியும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அடுப்பில் எது நடக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். போவதற்கு முன் ஒன்று: சட்டியில் தெரியும் கோளாறுக்குச் சட்டிக்குள் மருந்து தேடாதீர்கள். தண்ணீர் ஊற்றுவது, கிளறுவது, மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது எல்லாம் பிறகு. முதலில் குனிந்து அடுப்பைப் பாருங்கள். விறகில் ஈரம் இருக்கிறதா? அடியில் காற்று நுழைகிறதா? கட்டை எரிந்து தணல் உண்டாகிவிட்டதா? பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதிலும் மூன்றாவதுதான் அதிகம். தீ எழும்பியதும் சட்டியை ஏற்றிவிடுகிறோம். மூட்டி முக்கால் மணி நேரமாவது போகட்டும். அதற்குள் வெங்காயம் உரிக்கலாம், கோழி வெட்டலாம், மசாலா தடவலாம்.

“தீக்குச்சி எரியுது, தீ பிடிக்கல”

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் தரை. ஏப்ரலிலும் அக்டோபரிலும், பருவக்காற்று மாறும் நாள்களில், மேற்குக் கரையில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். மறுநாள் காலை வெயில் பளிச்சென்று அடித்தாலும் நேற்றைய மழை மண்ணுக்குள் இருக்கும். அந்த மண்மேல் மூட்டிய சிறு தீ, தன் சூட்டை முதலில் அந்த ஈரத்துக்குத்தான் கொடுக்கும். ஒரு கிலோ கொதிநீரை முழுதாக ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு கிலோ தண்ணீரை நம் ஊர்ச் சூட்டிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல் இது ஏழு மடங்குக்கும் மேல். கைப்பிடி சுள்ளி இதைத் தாங்காது.

அதனால் தீயைத் தரையிலிருந்து தூக்குங்கள். மணிக்கட்டுத் தடிமனில் ஐந்தாறு கட்டைகளை நெருக்கி அடுக்கி ஒரு மேடை போட்டு அதன்மேல் மூட்டுங்கள். செங்கல் இருந்தால் பரப்பிக்கொள்ளலாம். இதை மட்டும் செய்தாலே பாதிப் பேருக்குத் தீ பிடித்துவிடும்.

இரண்டாவது காரணம் விறகு. கோலகங்சாரில் 1877இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அதே மாவட்டத்தில் இருக்கும் நமக்கு விறகு என்றால் பல தலைமுறையாக ரப்பர் கட்டைதான். காய்ந்தது நன்றாக எரியும், நல்ல தணல் தரும். ஆனால் வெட்டிப் போட்டபடி மழையில் கிடந்தால் சீக்கிரமே நீலம் பாரித்துப் புழு துளைத்துவிடும். பிளந்து, கூரைக்கு அடியில், காற்றுப்பட அடுக்கிக் காயவைத்ததாக இருக்க வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டக்’கென்று கணீரென ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’பென்று மழுங்கும். சுள்ளியை வளைத்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்துகொண்டே போனால் தள்ளி வையுங்கள். தீயில் வைத்த பிறகும் கட்டையே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முனை எரியும்போது மறுமுனையைக் கவனியுங்கள். வெட்டிய வாயில் சிறு சிறு குமிழாக நுரை பொங்கி, ‘ஸ்ஸ்’ஸென்று சீறி, பழுப்பு நீர் சொட்டும். உள்ளே இருந்த ஈரம் சூட்டுக்கு விலகி அந்தப் பக்கம் ஓடிவருகிறது. அந்தக் கட்டையை அடுப்பிலிருந்து எடுத்து ஓரமாகச் சாய்த்து வையுங்கள். அடுப்புச் சூட்டிலேயே காய்ந்து பிறகு உதவும்.

மழையில் நனைந்த விறகு மட்டும்தான் கிடைத்தது என்றால் பாராங்கத்தியால் பிளந்துவிடுங்கள். நனைந்தது பெரும்பாலும் வெளித்தோல்தான். உள்மரத்திலிருந்து சீவிய சிம்புகள் பிடிக்கும். தீக்குச்சித் தடிமனில் ஒரு கைப்பிடி, பென்சில் தடிமனில் ஒரு கைப்பிடி, பெருவிரல் தடிமனில் ஒரு கட்டு, அப்புறம்தான் மணிக்கட்டுத் தடிமன். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் தீ அங்கேயே நின்றுவிடும்.

பற்றவைக்கத் தேங்காய் மட்டையின் நார், காய்ந்த சிரட்டைத் துண்டு இரண்டும் நல்லவை. ரப்பர் காட்டில் கிடைக்கும் ஒட்டுப்பால், அதாவது மரத்திலேயே ஒட்டி உறைந்த பால், பெருவிரல் நகமளவு இருந்தால் மழைநாளிலும் நின்று எரியும். ஆனால் கரும்புகையும் நாற்றமும் விடும். பற்றவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அது எரிந்து தீர்ந்து புகை வெளுத்த பிறகே சட்டியை ஏற்றுங்கள்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு: மரத்தின் தண்டு விறகுக்கு ஆகாது. உள்ளே நாரும் தண்ணீருமாக இருக்கும், புகையும், எரியாது. காய்ந்த மட்டையின் ஓலை குப்பென்று எரிந்து அடங்கும், அதனால் பற்றவைக்க மட்டும் சரி. கொட்டை ஓடு வேறு சங்கதி. ஆலைகளிலேயே கொதிகலனுக்கு நாரையும் ஓட்டையும்தான் எரிக்கிறார்கள். கேட்டு வாங்கி வந்த ஓடு இருந்தால், உண்டான தணல்மேல் ஒரு கை அள்ளிப் போட்டுப் பாருங்கள், சூடு நெடுநேரம் நிற்கும்.

பெட்ரோலை எந்த நிலையிலும் தொடாதீர்கள். மண்ணெண்ணெயைக்கூட எரிகிற தீயிலோ கனன்றுகொண்டிருக்கும் கங்கிலோ ஊற்றக் கூடாது. ஆவி பற்றிக்கொண்டு தீ கைக்கே ஏறிவரும்.

“புகை கண்ணைத் திறக்க விடல”

புகையின் நிறத்தைப் பாருங்கள். கெட்டியான வெள்ளைப்புகை என்றால் விறகில் ஈரம், அல்லது காற்று போதாமல் விறகு எரியாமல் புகைந்துகொண்டு மட்டும் இருக்கிறது. கரும்புகை என்றால் ரப்பரோ பிளாஸ்டிக்கோ எண்ணெயோ எரிகிறது. உடனே வெளியே இழுங்கள்.

வெள்ளைப்புகைக்கு ஊதாங்குழலைத் தேடுவதற்கு முன் விறகைக் குறையுங்கள். அடுப்பு நிறைய விறகைத் திணித்துவிட்டு ஊதினால், ஊதும்வரை எரியும், விட்டதும் புகையும். விறகுக்கும் விறகுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அடியில் சாம்பல் சேர்ந்து காற்றை அடைத்திருந்தால் குச்சியால் வாரிவிடுங்கள். கல்லுக்குக் கல் உள்ள வாயில் ஒன்று காற்று வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்லைத் திருப்பி வைக்க அலுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த மரம் ஆகாது என்பதில் கறாராக இருங்கள். நாற்காலி, மேசைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் ரப்பர் பலகைத் துண்டுகள் அழகாகக் காய்ந்திருக்கும். ஆனால் புழு துளைக்காமலிருக்க மருந்தேற்றியவை, பசையும் வார்னிஷும் பட்டவை. சாயம் பூசிய பலகை, கட்டுமான இடத்து மருந்துக்கட்டை, தார் எண்ணெய் ஊறிய ரயில் சிலிப்பர் கட்டை எதுவும் சமையலுக்கு வேண்டாம். கோழியை நேராக வாட்டும்போது அந்தப் புகை முழுதும் கறியில்தான் படியும்.

“தீ இவ்வளவு எரியுது, தண்ணி கொதிக்கல”

கல் உயரமாக இருந்தால் தீ சட்டியின் அடியைத் தொடாது. கல் தாழ்வாக இருந்தால் தீக்கு மூச்சு முட்டும். அடுப்பின் தரைக்கும் சட்டியின் அடிக்கும் ஒரு சாண் இருந்தால் பெரும்பாலான சட்டிக்குச் சரியாக வரும். தீயின் நுனி அடியைத் தடவ வேண்டும். பக்கவாட்டில் ஏறிச் சட்டியின் காதைச் சுடுகிறது என்றால் விறகு அதிகம், சூடு வீணாகிறது.

ஆற்றோரத்தில் காற்றும் ஒரு காரணம். தீ சாய்ந்து எரிந்தால் சூடு சட்டிக்கு வராமல் பக்கத்தில் போகிறது. காற்று வரும் பக்கம் ஜிங்க் தகடு ஒன்றை இரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். அதைத் தீயோடு ஒட்டி வைக்கவோ அதன்மேல் எதையும் வாட்டவோ கூடாது. துத்தநாகப் பூச்சு 420 பாகைக்கு அருகில் உருகும், இன்னும் காய்ந்தால் புகையாகிவிடும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பழைய ஐஸ்பெட்டியின் கம்பித் தட்டை வாட்டும் கம்பியாக வைப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். பூச்சில்லாத இரும்புக் கம்பி அல்லது எவர்சில்வர் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடி போடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் வெளியில் சமைக்கும்போது பாதிப் பேர் மூடியை வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

“சோறு அடிப்பிடிச்சுது, மேல அரிசியா நிக்குது”

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். கேஸ் அடுப்பிலும் ரைஸ் குக்கரிலும் தண்ணீரை அளந்து ஊற்றிப் பொங்கவைத்துப் பழகிவிட்டோம். அந்த முறைக்குக் கடைசிப் பத்து நிமிடம் மிகமிகச் சன்னமான, ஒரே சீரான சூடு வேண்டும். விறகுத் தீ அதைத் தராது. அடியில் ஒரு பக்கம் தீ பட்டுக் கருகும், மறுபக்கம் அரிசி நிற்கும். வெளியில் சமைக்கும்போது வடித்துவிடுங்கள். இது நம் பாட்டிமார் செய்த முறை, விறகடுப்புக்கென்றே அமைந்த முறை.

அரிசியைப் போல் ஐந்தாறு மடங்கு தண்ணீரை முதலில் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதித்த பிறகே அரிசி போட வேண்டும். போட்டதும் ஒருமுறை அடிவரை துழாவிவிட்டு விட்டுவிடுங்கள். தண்ணீர் நிறைய இருப்பதால் அரிசி அதில் புரண்டுகொண்டே இருக்கும், அடியில் உட்காராது. தீ கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பரவாயில்லை. சியாம் (தாய்லாந்து) அரிசி சீக்கிரம் குழையும், பக்கத்திலேயே நில்லுங்கள். புழுங்கல் அரிசி நேரம் எடுக்கும், ஆனால் தவறைப் பொறுத்துக்கொள்ளும். முதல்முறை விறகில் சமைப்பவர்கள் புழுங்கலோடு தொடங்கலாம்.

ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் ஊசிமுனையளவு வெள்ளை தெரியும்போது இறக்கி வடித்துவிடுங்கள். பெரிய சட்டி என்றால் இரண்டு பேர் பிடியுங்கள். கஞ்சித் தண்ணீர் காலில் கொட்டினால் கொதிநீரைவிடக் கெடுதல், ஒட்டிக்கொண்டு சுடும். வடித்தபின் சட்டியை அடுப்புக்குத் திரும்ப ஏற்றுவதற்கு முன் எரியும் கட்டைகளை எல்லாம் வெளியே இழுத்துவிடுங்கள். இந்த இடத்தில் எப்போதும் ஒரு பேச்சு வரும்.

“மாமா, தீ போதல போலருக்கே. இன்னும் ரெண்டு கட்ட வெக்கட்டுமா?”

“வேணாம்யா. இருக்கிற கட்டைய வெளிய இழு. தணல் போதும்.”

மாமா சொல்வதுதான் சரி. தணலைச் சட்டிக்கு நேர் கீழே குவிக்காமல் வட்டமாகப் பரப்புங்கள். மூடிமேலும் ஒரு கரண்டி தணலை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மிச்சமிருந்த ஈரம் ஆவியாகிப் பருக்கைகள் தனித்தனியாக நிற்கும்.

ஏற்கெனவே அடிப்பிடித்துவிட்டதா? கிளறவே கிளறாதீர்கள். கிளறினால் அடியிலிருக்கும் கருகல் வாடை சட்டி முழுக்கப் போய்விடும். சட்டியை இறக்கி ஈர மணலில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். மேல்சோற்றை மெதுவாக வாரி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடியில் ஒட்டியதைத் தொட வேண்டாம். மேலே அரிசி நிற்கிறது என்றால், மாற்றிய சோற்றில் வெந்நீரைக் கையால் தெளித்து, வாழை இலையை மேலே பரப்பி, மூடிபோட்டு, தணலின் ஓரத்தில் கால் மணி நேரம் வையுங்கள். பச்சைத் தண்ணீர் தெளித்தால் பருக்கை விறைத்துப் போகும்.

“கோழி வெளிய கரி, உள்ள ரத்தம்”

தீயில் வாட்டியதற்கு இதுதான் அடையாளம். கோழி தணலில் வேக வேண்டும். கட்டை எரிந்து சிவந்து, மேலே மெல்லிய சாம்பல் பூத்த நிலைதான் தணல். சாம்பல் பூக்காமல் தீநாக்கு ஆடிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

கம்பி இருக்கும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி நிதானமாக எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் கடுஞ்சூடு. மீனுக்கும் மெல்லிய துண்டுக்கும் அது சரி. நான்கைந்து வரை தாங்கினால் எலும்போடு உள்ள கோழிக்கு ஏற்றது. ஏழெட்டு வரை தாங்கினால் வெந்ததைச் சூடாக வைக்க மட்டும் உதவும்.

தணலை அடுப்பு முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் காலியாக விடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பும்போது கோழியைக் காலிப்பக்கம் தள்ளிவிடலாம். தண்ணீர் தெளித்து அணைத்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும்.

கிச்சாப் மானிஸ் (இனிப்புச் சோயா சாஸ்), தேன், சர்க்கரை கலந்த மசாலா இன்னொரு காரணம். சர்க்கரை கோழி வேகும் முன்பே கருகிவிடும், பார்ப்பவர்கள் வெந்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். மஞ்சள், மிளகாய், உப்பு, இஞ்சி பூண்டை மட்டும் முதலில் தடவுங்கள். இனிப்பைக் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள். தொடையில் எலும்புவரை இரண்டு கீறல் போட்டால் சூடு உள்ளே போகும். பெரிய கூட்டத்துக்குச் சமைக்கிறீர்கள் என்றால் சட்டியில் மசாலாவோடு அரைவேக்காடு வேகவைத்து, ஆறவிடாமல் உடனே தணலுக்கு மாற்றுங்கள். அடுப்பில் நிற்கும் நேரம் பாதியாகும்.

வெந்ததை நிறத்தால் முடிவு செய்ய வேண்டாம். தொடையின் தடித்த இடத்தில் உள்வெப்பம் 74 பாகை செல்சியஸ் தொட வேண்டும். குத்திப் பார்க்கும் வெப்பமானி அதிக விலையில்லை, வெளியில் சமைப்பவர்கள் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் எலும்பை ஒட்டிக் கீறிப் பாருங்கள். இளஞ்சிவப்பு நீர் வந்தால் காலிப்பக்கத்தில் மூடிபோட்டு இன்னும் வையுங்கள். பச்சைக்கோழியை ஐஸில்தான் கொண்டுவர வேண்டும். 32 பாகைக்கு மேலுள்ள வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த கோழியை எந்தத் தணலும் காப்பாற்றாது, தூக்கிப் போடுங்கள். பச்சைக்கோழி வைத்த தட்டில் வெந்ததைத் திரும்ப வைக்காதீர்கள்.

மீன் கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது என்றால் கம்பி காயவில்லை. காயவைத்து எண்ணெய் தடவிப் பிறகு மீனை வையுங்கள். தோல் தானாக விடும்வரை திருப்பாதீர்கள். சம்பல் தடவிய மீன் என்றால் வாழை இலையில் சுற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

“மசாலா கருகுது, தேங்காய்ப்பால் திரியுது”

கேஸில் நெருப்பைக் குறைப்பதுபோல் இங்கே குறைக்க முடியாது. குவாளியைத்தான் நகர்த்த வேண்டும். அதனால் தாளிக்கத் தொடங்கும் முன், பக்கத்தில் குவாளியை இறக்கிவைக்க ஒரு கல்லோ செங்கல்லோ தயாராக இருக்கட்டும். கடுகு வெடித்ததும் இறக்குங்கள். பொடிகளை இறக்கிய சூட்டிலேயே வதக்கி, தண்ணீர் விட்டபிறகு ஏற்றுங்கள். தேங்காய்ப்பால் கடைசியில், கட்டைகளை இழுத்துவிட்டுத் தணலில் மட்டும். ஓரத்தில் கொப்பளம் வரும் அளவு போதும், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும்.

எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு மூடுங்கள், குவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் சுற்றி நிற்பவர்கள்மேல் தெறிக்கும்.

“அடுப்பில படார்னு வெடிச்சுது”

ஆற்றுக்குள் கிடந்த கல்லை எடுத்து அடுப்புக் கூட்டினால் இது நடக்கும். கல்லின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் தண்ணீர் இருக்கிறது. ஆவியானால் அது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் கல்லைப் பிளந்து சில்லாகத் தெறிக்கவைக்கும், கண் போகும். கரையில் உயரத்தில் காய்ந்து கிடக்கும் கல்லை எடுங்கள். வீட்டிலிருந்து ஆறு செங்கல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. சிமெண்டுத் தரையில் நேராகத் தீ மூட்டினாலும் மேல்தளம் இப்படித்தான் பெயர்ந்து தெறிக்கும்.

மூங்கிலை விறகாக்கினால் கணுவுக்குக் கணு பிளந்துவிடுங்கள். மூடிய கணுவுக்குள் காற்று சூடேறி வேட்டுபோல் வெடிக்கும். மூங்கிலில் சமைப்பது வேறு. லெமாங் என்னும் மூங்கில் சோறு செய்பவர்கள் பச்சை மூங்கிலின் ஒரு முனையைத் திறந்தே வைத்திருப்பார்கள், உள்ளே வாழை இலைச் சுருள், அதற்குள் தேங்காய்ப்பாலில் நனைந்த புளுட் (ஒட்டும்) அரிசி. தீக்கு மேலே வைக்காமல் பக்கத்தில் சாய்த்து, அடிக்கடி திருப்பி, மணிக்கணக்காகப் பொறுமையாக வாட்டுவார்கள். அவசரப்படும் நாளில் அதில் இறங்க வேண்டாம்.

தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, கிச்சாப், எண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவை சூட்டை உள்ளேயே அடைக்கும், புண்ணில் கிருமி சேர்க்கும். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகம், கை, மூட்டில் பட்டிருந்தாலோ 999ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

“சமைக்கும்போதே மழை பிடிச்சுக்கிட்டுது”

அடுப்புக்கு மேலே ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் தார்ப்பாயைச் சாய்வாகக் கட்டுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கூடாரத்துக்குள்ளோ கதவு மூடிய வேனுக்குள்ளோ தணலைக் கொண்டுபோகாதீர்கள். புகையே தெரியாத தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசமில்லை, தூக்கம் வருவதுபோல் வந்து ஆளைக் கொன்றுவிடும்.

மழையைவிடப் பெரிய விஷயம் ஆறு. உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருந்தாலும் மலையில் பெய்திருந்தால் கெப்பாலா ஆயர், அதாவது திடீர் ஆற்றுவெள்ளம், வரும். தெளிந்த நீர் கலங்கிப் பழுப்பாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, நீர் மட்டம் சட்டென்று ஏறுவது அல்லது வழக்கத்துக்கு மாறாக இறங்குவது, மேற்பக்கம் இரைச்சல் கேட்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். குவாளி, சோறு, கோழி எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். அடுப்பை ஆற்றின் மணல்திட்டில் போடாமல் கரையின் மேட்டிலேயே போட்டுவிட்டால் ஓடவேண்டிய தூரம் குறையும்.

ஆற்று நீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் நாட்டு ஆறுகளிலும் அருவிகளிலும் உண்டு. குழாய்த் தண்ணீரை வீட்டிலிருந்து தோம்பில் கொண்டுவாருங்கள். காலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் பாத்திரம் கழுவ ஆற்றில் இறங்க வேண்டாம்.

“சட்டி அடியில கரி போக மாட்டேங்குது”

சமைக்கும் முன்பே சட்டியின் வெளிப்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்பைக் கெட்டியாகப் பூசுங்கள். கரி சோப்பின்மேல் படியும், தண்ணீர் பட்டதும் கழன்றுவிடும். அந்தக் காலத்தில் களிமண்ணையும் சாம்பலையும் குழைத்துப் பூசினார்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

“அணைச்சிட்டுப் போன அடுப்பு மறுபடியும் புகையுது”

மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போனால் உள்ளே கங்கு மறுநாள்வரைகூட உயிரோடிருக்கும். வெறுங்காலோடு வரும் பிள்ளை அதன்மேல்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். ‘ஸ்ஸ்’ சத்தம் நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. கல்லைப் புரட்டி அதன் அடியையும் நனையுங்கள். தண்ணீரை ஆவி முகத்தில் அடிக்காதபடி ஓரத்திலிருந்து ஊற்றுங்கள்.

அடுப்பு போட்ட மண் கறுத்து, மிதித்தால் அமுங்கும் கரிச்சதுப்பாக இருந்தால், முதலிலேயே அங்கே மூட்டக் கூடாது. சுங்கை சிப்புட் பக்கம் அந்த மண் இல்லை. ஆனால் பந்திங், தெலுக் இந்தான் பக்கத்து உறவினர் வீட்டுக்குப் போய் மூட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். அந்த மண்ணே எரியும், தீ தரைக்கடியில் ஊர்ந்து போய் வேறெங்கோ கிளம்பும்.

தாள் தட்டையும் பிளாஸ்டிக் பையையும் கடைசியில் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். 2015இலும் 2019இலும் போலப் புகைமூட்டம் சூழ்ந்திருக்கும் நாள்களில் சமையல் தீயையும் தவிர்த்துவிடுங்கள், வீட்டிலேயே சமைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம். குப்பையைப் பையில் கட்டி வண்டியில் ஏற்றுங்கள். முழுதும் ஆறிய வெறும் விறகுச் சாம்பலை ஒரு டின்னில் அள்ளி வந்தால் வீட்டில் குவாளி தேய்க்க ஆகும்.